பல்லாவரத்தில் ஒரு புது உரையாசிரியர்

எங்கள் கீழ்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ் நோட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். "அக்கா, இதை ஒருவாட்டி பாருங்கக்கா. நாளைக்குக் காட்டணும்." முல்லைப்பாட்டில் வரும் கார்காலத்தைப் பற்றி எழுதச் சொல்லும் கேள்வி. ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தாள். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை எல்லாம் இருந்தன. ஒற்றுப்பிழைகூட இல்லை. பத்தாவது படிக்கும்போது எனக்கு இப்படி எழுத வந்ததில்லை. இப்போதும் சந்தேகம்தான்.

இரண்டாவது பத்தியில் நின்றுவிட்டேன். போருக்குப் போன அரசன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்று எழுதியிருந்தாள்.

"இது எங்கேருந்து எடுத்தே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனைக் காட்டினாள். ஒரு ஏஐ செயலி. கேள்வியை டைப் பண்ணியிருக்கிறாள், பதில் வந்திருக்கிறது, பார்த்து எழுதியிருக்கிறாள். "தப்பாக்கா? எல்லாரும் இப்படித்தான் எழுதுறாங்க. நான் அப்படியே எழுதலை, கொஞ்சம் மாத்திதான் எழுதினேன்."

அவள் கேட்டதில் இரண்டு கேள்வி இருக்கிறது. பதில் தப்பா என்பது ஒன்று. செயலியைக் கேட்டதே தப்பா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு, "சொந்தமா யோசிச்சு எழுதணும்மா" என்று பெரியவர்கள் சொல்வதையே சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படி இறங்கிப் போன பிறகு அது உறுத்த ஆரம்பித்தது. பத்தாவதில் நான் எதைச் சொந்தமாக யோசித்து எழுதினேன்? கோனார் நோட்ஸை மனப்பாடம் பண்ணி எழுதினேன். என் வகுப்பில் எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். யாரும் எங்களைத் திருடர்கள் என்று சொல்லவில்லை.

மாணவர்களும் ஏஐயும் என்று பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. தடை செய் என்று ஒரு கட்சி. இதுதான் எதிர்காலம், வழிவிடு என்று இன்னொரு கட்சி. இரண்டு பேருமே இது நேற்றுப் பிறந்த பிரச்சினை என்று நினைக்கிறார்கள். நம் மொழியில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: உரை. நமக்கு எட்டாத ஒரு நூலை எட்ட வைக்கும் துணை. உரைகளை நாம் எப்படி மதிப்பிட்டு வந்தோமோ அதே அளவுகோலால் இந்தப் புது உரையாசிரியரையும் அளக்க முடியுமா என்று பார்க்க நினைக்கிறேன். அதற்குப் பல்லாவரம் பொருத்தமான ஊர். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பாட்டு.

*

முல்லைப்பாட்டு 103 அடிதான். பத்துப்பாட்டில் மிகச் சிறியது. பாடியவர் நப்பூதனார். மழை தொடங்கிவிட்டது. கார்காலத்துக்குள் வருகிறேன் என்று சொல்லிப் போன அரசன் வரவில்லை. வீட்டு முதுபெண்டிர் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். விரிச்சி என்றால், யாரோ யாரிடமோ பேசும் பேச்சை நமக்கு வந்த நற்சொல்லாக எடுத்துக்கொள்வது. அங்கே ஓர் ஆயர் பெண் குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தாயைத் தேடித் தவிக்கும் கன்றிடம், உன் அம்மா இப்போது வந்துவிடுவாள் என்று ஆறுதல் சொல்கிறாள். முதுபெண்டிருக்கு அது போதும். நல்ல வார்த்தை கேட்டோம், அவனும் வந்துவிடுவான் என்று அரசியிடம் வந்து சொல்கிறார்கள். அதன் பிறகு பாட்டு பாசறைக்குப் போகிறது. யானைக்கு வடமொழி சொல்லிப் பழக்கும் பாகர்கள், நாழிகை பார்த்துச் சொல்பவர்கள், காவலுக்கு யவனர்கள். நடுவில் தூங்காத அரசன். கடைசியில் பூத்துக் கிடக்கும் காட்டு வழியே தேர் திரும்புகிறது.

இந்த 103 அடியில் அரசனுக்கும் பெயர் இல்லை, அரசிக்கும் பெயர் இல்லை. மறதியில் விட்டதல்ல. அகப்பாட்டில் தலைவனுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது மரபு. பெயர் சொன்னால் அது ஒருவருடைய கதை ஆகிவிடும். பெயர் இல்லாததால்தான் காத்திருக்கும் யாருடைய கதையாகவும் ஆகிறது. இந்தக் கோடு எவ்வளவு கறாரானது என்பதற்குப் பத்துப்பாட்டிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. நெடுநல்வாடையிலும் இதே மாதிரிதான். அரண்மனையில் வருந்தும் அரசி, பாசறையில் தூங்காத அரசன். அங்கேயும் பெயர் கிடையாது. ஆனால் வேலில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக ஓர் இடத்தில் வருகிறது. வேம்பு பாண்டியர் பூ. அடையாளம் தெரிந்துவிட்டது, ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பு எழுதினார். ஒரு தழை போதும், அகம் புறமாகிவிடும்.

முல்லைப்பாட்டின் அரசனும் நெடுஞ்செழியன்தான் என்று ஊகித்தவர்கள் உண்டு. ஊகமாகச் சொன்னால் அதில் குற்றமில்லை, வாதம் பண்ணலாம். செயலி செய்தது வேறு. யாரோ ஊகித்ததை, யார் ஊகித்தது என்பதை உதிர்த்துவிட்டு, பாட்டே சொன்ன செய்தி மாதிரி கொடுத்தது. அந்தப் பெண்ணும் அதையே எழுதினாள். மார்க் போகிற தப்பு மட்டும் என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். பாட்டு வேண்டுமென்றே காலியாக விட்ட ஓர் இடத்தைச் செயலி நிரப்பிவிட்டது. கேள்வி எழ வேண்டிய இடத்தில் பதில் உட்கார்ந்துவிட்டது. "ஏன்க்கா இந்தப் பாட்டுல யாருக்குமே பேரு இல்ல?" என்று அவள் என்னிடம் கேட்டிருக்கக்கூடிய ஒரு சாயங்காலம் இல்லாமல் போனது.

*

இப்போது பல்லாவரம். இந்த ஊருக்கும் கருவிகளுக்கும் ஏதோ ராசி இருக்கிறது. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய ஆய்வே அந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறது. எனக்கு இங்கே வேண்டியது இன்னொரு கருவி. அதைச் செய்தவர் சாவடித் தெருவில் குடியிருந்தார்.

மறைமலையடிகளைத் தனித்தமிழ் இயக்கத்தோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். 1916-இல் வேதாசலம் என்ற பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்டவர். (இந்தக் கட்டுரையில் இதுவரை வந்திருக்கும் டைப், நோட்ஸ் வகையறாவைப் பார்த்தால் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.) அதற்கு முன்னால் அவர் ஒரு தமிழ் வாத்தியார். 1898-இலிருந்து 1911 வரை சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை. ஜார்ஜ் டவுன் பக்கம் இருந்தது, 1937-இல்தான் தாம்பரம் வந்தது. தமிழ் கட்டாயப் பாடமாக இல்லாமல் போன சமயத்தில் வேலையை விட்டுவிட்டு அவர் பல்லாவரத்துக்கு வந்துவிட்டார். 1950-இல் இறக்கும்வரை இதுதான் அவர் ஊர்.

அவர் வேலைக்குச் சேர்ந்த கதையைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்வார்கள். எவ்வளவு நிஜமோ, கதை நல்ல கதை. நேர்காணலில் பரிதிமாற்கலைஞர் குற்றியலுகரத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டாராம். இவர், "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம். உடனிருந்தவர்கள் ஆள் தேறமாட்டார் என்று நினைத்தார்களாம். பரிதிமாற்கலைஞர் மட்டும் சிரித்தாராம். அஃது, ஆய்தத்தொடர். எனக்கு, வன்தொடர். தெரியாது, உயிர்த்தொடர். மூன்று சொல், மூன்று வகைக் குற்றியலுகரம். தெரியாது என்று சொல்லியே தெரியும் என்று காட்டிய பதில்.

1903-இல் அவர் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை எழுதினார். 1906-இல் பட்டினப்பாலை ஆராய்ச்சியுரை. இரண்டும் கல்லூரி மாணவர்களுக்குப் பாடமாக வந்த பாட்டுகள். ஆக, இன்று நாம் நவீனத் தமிழ் விமர்சனத்தின் தொடக்கங்களில் ஒன்றாகப் படிக்கும் இந்தப் புத்தகம், பிறந்தபோது மாணவர்களுக்கான ஒரு துணைநூல். கொச்சையாகச் சொன்னால், நோட்ஸ்.

நோட்ஸ் என்றால் பரீட்சைக்கு வேண்டியதை மட்டும் கொடுத்துவிட்டு நகர வேண்டும். இவர் அப்படி நகரவில்லை. பாட்டு என்றால் என்ன, உரைநடையிலிருந்து அது எங்கே பிரிகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். ஆங்கிலக் கவிதையையும் விமர்சனத்தையும் படித்தவர் என்பதால் அந்த வெளிச்சத்தையும் கொண்டுவருகிறார். அப்புறம்தான் பாட்டுக்குப் பொருள். அதில் மாணவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாத காரியம் ஒன்றைச் செய்கிறார். நச்சினார்க்கினியரோடு சண்டைக்குப் போகிறார்.

சண்டை 'மாட்டு' பற்றியது. பாட்டில் ஓர் இடத்தில் இருக்கும் சொல்லை எங்கேயோ தள்ளியிருக்கும் சொல்லோடு கொண்டுபோய் மாட்டிப் பொருள் சொல்வதற்கு அந்தப் பெயர். நச்சினார்க்கினியர் இதில் கை தேர்ந்தவர். 103 அடிப் பாட்டைப் பிரித்துப்போட்டு, முன்னது பின்னதாக அடுக்கி, கதையை நேர்க்கோட்டில் கொடுப்பார். பொருள் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் நப்பூதனார் ஏன் அரசியிடமிருந்து பாசறைக்குத் தாவினார், ஏன் அங்கிருந்து திரும்பினார் என்பது போய்விடும். அடிகளின் வாதம் இதுதான்: பாட்டு போகிற போக்கிலேயே போய்ப் பொருள் கொள்ள முடியும், கலைத்துப்போட வேண்டாம். உ.வே.சா. 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு அப்போது 14 வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த உரை இல்லாமல் சங்கப் பாட்டில் ஓர் அடிகூட நகர முடியாத காலம். அந்த நிலையில், இருபதுகளில் இருந்த ஒரு வாத்தியார், உரையின் கையைப் பிடித்தே பாட்டுக்குள் போய், உள்ளே போன பிறகு கையை விட்டுவிட்டு, நீங்கள் சொன்ன வழி சரியில்லை என்கிறார்.

புத்தகத்தில் குறை இல்லாமல் இல்லை. நடை சில இடங்களில் பாட்டைவிடக் கடினம். ரசனையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சில சமயம் பிரசங்கம் வந்துவிடுகிறது. அவருக்குச் சரியென்று பட்டது எல்லாருக்கும் சரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற தொனி நெடுக இருக்கிறது. ஆனாலும் அதைப் படித்த மாணவனுக்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கும். உரையாசிரியரோடு முரண்படலாம் என்பது. இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடிகளோடும் முரண்படலாம். தன்னை எதிர்க்கத் தேவையான ஆயுதத்தையும் சேர்த்தே கொடுக்கிற துணைநூல் இது. நல்ல உரைக்கு என் அளவுகோல் இதுதான்.

*

நம்மில் பெரும்பாலோருக்கு அடிகள் உரையாசிரியர் இல்லை. கோனார்தான். திருச்சி புனித வளனார் கல்லூரிப் பேராசிரியர் ஐயன்பெருமாள் கோனார் எழுதி, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட தமிழ் உரைநூல்கள் எத்தனை தலைமுறையைக் கரைசேர்த்தன என்று கணக்கே கிடையாது. நோட்ஸ் என்ற பொருளுக்கே கோனார் என்று பெயராகிவிட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் விரித்திருக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் கதை, ஜோசியம், என்ட்ரன்ஸ் கைடுகளோடு அட்டை போன தமிழ் உரை ஒன்றாவது கண்ணில் படும்.

கோனாரைக் கிண்டல் பண்ணுவது இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் சங்கப் பாட்டுக்குப் பொருள் சொல்ல ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு அந்தப் புத்தகம்தான் தாத்தா, அதுதான் டியூஷன். பதவுரை, பொழிப்புரை, இலக்கணக்குறிப்பு என்று பிரித்துக் கொடுத்ததால் பாட்டு எங்கே, உரை எங்கே என்ற எல்லை கண்ணுக்குத் தெரிந்தது. அட்டையில் எழுதியவர் பெயர் இருந்தது. தப்பு இருந்தால் "கோனார்லயே தப்புடா" என்று சொல்ல முடிந்தது.

அதன் பலவீனமும் நமக்குத் தெரியும். அது பாட்டுக்குக் கொண்டுபோகாமல் பரீட்சைக்குக் கொண்டுபோனது. வினாவும் விடையும் சேர்ந்தே வந்ததால் நமக்குக் கேள்வி கேட்கவே தோன்றவில்லை. அதற்குக் கோனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே மாதிரி பதிலுக்கு முழு மார்க், வேறு மாதிரி பதிலுக்குச் சிவப்பு மை என்று இருக்கும் இடத்தில் எந்தக் கருவி வந்தாலும் அந்த வேலைக்குத்தான் வளையும். கோனார் வளைந்தார். இப்போது ஏஐ வளைகிறது.

*

அப்படியானால் ஏஐ என்பது பேசும் கோனார், அவ்வளவுதானா? இல்லை. மூன்று வித்தியாசம் எனக்குப் படுகிறது.

முதல் வித்தியாசம், அது நல்ல பக்கத்தில் இருக்கிறது. கோனாரிடம் திருப்பிக் கேட்க முடியாது. இதனிடம் முடியும். கீழ்வீட்டுப் பெண்ணின் அம்மா குரோம்பேட்டையில் துணிக்கடையில் வேலை செய்கிறார். வீடு வந்து சேர ராத்திரி பத்து ஆகும். பதினோரு மணிக்கு ஒரு சொல் புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பாள்? இருபது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காத ஓர் ஆள் அவளுக்கு முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. நூறு புத்தகம் இருக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவளிடம் "அதைத் தொடாதே" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது, அதற்குத் தெரியாது என்று சொல்ல வருவது ரொம்ப அரிது. சங்கப் பாட்டு மாதிரி இணையத்தில் குறைவாக இருக்கும் விஷயத்தில் இது மோசம். தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில், ஒற்றுப்பிழை இல்லாமல் சொல்கிறது. நேர்காணலில் அடிகள் சொன்ன மூன்று சொல் அதற்கு எடுத்துக்காட்டாக வேண்டுமானால் வரும், ஒப்புதலாக வராது. வகுப்பில் தடுமாறும் பையனின் குரலில் தடுமாற்றம் தெரியும். இதில் தெரியாது. அதனால் சந்தேகப்படும் பொறுப்பு முழுக்கப் படிப்பவர் தலையில் விழுகிறது. சந்தேகப்படுவதற்கு ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டுமே, அதற்கு எங்கே போவது?

மூன்றாவதைச் சொல்ல ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது. 2024-இல் வெளிவந்தது. பாடம் கணக்கு. ஒரு குழுவுக்குச் சாதாரண ஏஐ உரையாடல் செயலி. இன்னொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் துணையோடு மாற்றியமைத்தது. மூன்றாவது குழுவுக்குப் புத்தகமும் நோட்டும் மட்டும். பயிற்சிக் கணக்குகளில் முதல் குழு 48 சதவீதம் மேலே, இரண்டாவது குழு 127 சதவீதம் மேலே. அப்புறம் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். சாதாரணச் செயலியோடு படித்தவர்கள், அதைத் தொடாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். குறிப்பு மட்டும் கிடைத்தவர்கள் கீழே விழவில்லை. தொடாதவர்களுக்குச் சமமாக நின்றார்கள்.

மூன்றாவது வித்தியாசம் இங்கே தெரிகிறது. கோனாரை மனப்பாடம் பண்ண வேண்டியிருந்தது. விருப்பமோ இல்லையோ, சொற்கள் ஒருமுறை மண்டைக்குள் போய் வந்தன. பதினைந்து வருஷம் கழித்தும் 'விரிச்சி' என்ற சொல் எனக்கு ஞாபகம் இருப்பது அதனால்தான். இங்கே சொற்கள் திரையிலிருந்து நோட்டுக்குப் போகின்றன. நடுவில் இருப்பவள் வழியாகப் போகத் தேவையில்லை. ஏமாறுவது டீச்சர் என்று நினைக்கிறோம். நஷ்டம் அவளுக்கு.

இதனால்தான் கண்டுபிடித்துத் தண்டிக்கும் வழி எனக்கு அசட்டுத்தனமாகப் படுகிறது. அது வேலையும் செய்வதில்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வெளியிட்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே வருஷம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியில்லாத மாணவர்கள் தாங்களே எழுதிய 91 டோஃபெல் கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை சொல்லின. எளிய சொல், எளிய வாக்கியத்தில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு முதல் வருஷம் ஆங்கிலத்தில் அசைன்மென்ட் எழுதும் நம் பிள்ளைகளை நினைத்துப்பாருங்கள். உண்மையாக உழைத்து எழுதியதற்குத் திருட்டுப் பட்டம் கிடைக்கும்.

*

அப்போது நேர்மை என்பதற்கு அளவு எது? இதற்கும் வெளியே தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் நன்னூல் பாயிரம் வருகிறது. இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டுத் தாண்டிவிடுவோம். ஒரு நூலின் சிறப்புப்பாயிரத்தில் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்று பவணந்தி முனிவர் பட்டியல் போடுகிறார். எழுதியவர் பெயர், நூலின் பெயர், என்ன பொருள், யாருக்காக, என்ன பயன் என்று போகும் அந்தப் பட்டியலில் ஒன்று 'வழி'. இந்த நூல் எதிலிருந்து வந்தது, யாரை ஒட்டி எழுதப்பட்டது என்று சொல்ல வேண்டும்.

அதே நன்னூல் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை மூன்றாகவும் பிரிக்கிறது. வழிநூல் எழுதுவது இழுக்கு என்று சொல்லவில்லை. முன்னோரின் பொருளை எடுக்கலாம், அவர்கள் சொற்களையே எடுக்கலாம் என்றுகூட இடம் கொடுக்கிறது. ஆனால் நீயாக ஏதாவது சேர்த்திருக்க வேண்டும், வழியைச் சொல்ல வேண்டும். அடிகளே இதற்கு உதாரணம். அவருடைய 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' ரெனால்ட்ஸின் ஆங்கில நாவலைத் தழுவியது. 'சிந்தனைக் கட்டுரைகள்' அடிசனின் கட்டுரைகளை ஒட்டியவை. தனித்தமிழுக்காக உயிரைக் கொடுத்தவர் இரவல் வாங்கத் தயங்கவில்லை. தழுவல் என்ற சொல்லே அழகுதான். கட்டிப்பிடிப்பது யாரை என்று ஊருக்குத் தெரியும்.

அசைன்மென்ட்டின் கடைசியில் 'வழி' என்று ஒரு வரி இருந்தால் என்ன? "பாடநூல் படித்தேன். இரண்டு சொல்லுக்குப் பொருள் செயலியிடம் கேட்டேன். கட்டுமானம் அது சொன்னது. கடைசிப் பத்தி நான் எழுதியது." ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இல்லாமல், பாயிரம் மாதிரி. இதில் ஆசிரியரும் பாதி வழி வர வேண்டும். வழி சொன்ன பிள்ளைக்கு மார்க் குறைத்தால் அடுத்த தடவை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நேர்மைக்கு அபராதம் போட்டுவிட்டு நேர்மை இல்லை என்று புலம்ப முடியாது.

வழி சொல்வதில் இன்னொரு லாபம் உண்டு. "கடைசிப் பத்தி நான் எழுதியது" என்று எழுத வேண்டுமென்றால் கடைசிப் பத்தியை எழுதித்தான் ஆக வேண்டும்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கீழே போனேன். நெடுஞ்செழியன் விஷயத்தை அவளிடம் சொல்லி, பெயர் இல்லாததன் காரணத்தையும் சொன்னேன். ரொம்ப ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. "சரிக்கா, அடிச்சுடுறேன்" என்றாள். அப்புறம் அந்தச் செயலியையே திறக்கச் சொன்னேன். பதில் கேட்காதே, உன்னைக் கேள்வி கேட்கச் சொல் என்றேன். 'முல்லைப்பாட்டுப் பகுதியைப் படித்திருக்கிறேன், என்னிடம் ஐந்து கேள்வி கேள், விடை சொல்லாதே' என்று டைப் பண்ணினாள். நாலு கேள்வி சப்பை. ஐந்தாவது, ஆயர் பெண்ணின் சொல்லை முதுபெண்டிர் ஏன் நம்புகிறார்கள் என்பது.

அவள் புத்தகத்தைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு கன்னுக்குட்டிகிட்டதானே பேசுது? இவங்ககிட்ட சொல்லவே இல்லியே. இவங்களா எடுத்துக்கிட்டாங்க" என்றாள். "அந்த ராணி நம்புனாங்களா?"

பாடநூலில் அதற்குப் பதில் இல்லை. அங்கே இருப்பது முதல் பதினேழு அடி. நல்ல வார்த்தை கேட்டோம் என்று முதுபெண்டிர் சொல்வதோடு பகுதி முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால்தான் தெரியும். அவர்கள் எவ்வளவோ எடுத்துச் சொல்கிறார்கள், காரணம் காட்டுகிறார்கள். அரசி தேறவில்லை. அழுதுகொண்டேதான் இருக்கிறாள். மேலே போய் என் பத்துப்பாட்டை எடுத்து வந்து அந்த இடத்தை இரண்டு பேரும் உரையோடு தட்டுத்தடுமாறிப் படித்தோம்.

அரசி ஏன் தேறவில்லை என்று நான் இப்படிப் படிக்கிறேன். வேறு யாருக்கோ சொல்லப்பட்ட ஒரு பதில், எவ்வளவு நல்ல பதிலாக இருந்தாலும், அவளுடைய காத்திருப்புக்கான பதில் ஆகாது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. கடைசியில் அரசன் வரத்தான் செய்கிறான், விரிச்சி பலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தேர் வரும்வரை உள்ள ராத்திரியை அவளேதான் கடக்க வேண்டும். விரிச்சியை ஏஐயோடு கொண்டுபோய் மாட்டுகிறேன் என்று அடிகள் என்னைத் திட்டலாம். திட்டட்டும், அவரிடம் கற்றுக்கொண்ட துணிச்சல்தான்.

அவள் பதிலை மறுபடி எழுதினாள். செயலி கொடுத்த உட்தலைப்புகளை வைத்துக்கொண்டாள். நெடுஞ்செழியனை எடுத்துவிட்டாள். கடைசியில் அவளாக மூன்று வரி: அந்த அம்மாக்கள் வேறு யாருக்கோ சொன்னதைக் கேட்டு நிம்மதி ஆனார்கள், ராணி ஆகவில்லை, எனக்கு ராணியைத்தான் பிடித்தது. அதில் இரண்டு ஒற்றுப்பிழை இருந்தது. நான் திருத்தவில்லை. கீழே 'வழி' என்று போட்டு யார் யாரிடம் கேட்டாள் என்று எழுதினாள். என் பெயரும் இருந்தது.

நோட்டு திரும்பி வந்தபோது அந்த மூன்று வரியின் பக்கத்தில் சிவப்பு மையில் 'பாடப்பகுதியில் இல்லை' என்று இருந்தது. 'வழி'யின் மேல் ஒன்றும் எழுதவில்லை, ஒரு டிக் மட்டும். எதற்கு டிக் என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை.

"பப்ளிக் எக்ஸாம்ல அந்த மூணு வரி எழுதலாமாக்கா?"

எழுது என்று சொன்னால் அவள் மார்க் போகும். எழுதாதே என்று சொன்னால் வேறு ஏதோ போகும். "அஃது எனக்குத் தெரியாதும்மா" என்றேன். அந்தக் கதையை அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தேன். சிரித்தாள். சிரித்துவிட்டு, அந்த முழுப் பாட்டுப் புத்தகத்தை இரண்டு நாள் தர முடியுமா என்று கேட்டாள்.